கூகை இருந்த மில்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது 52. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை செய்கிறேன். இறந்துபோன பஸ் டிரைவர் எனக்குப் பதினோரு வருடப் பழக்கம். இருவரும் பறவைகளைப் படம் எடுப்போம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கூகைக் கூடு இருந்த இடத்தை டிரைவர் தன் தம்பியிடம் சொன்னார். தம்பி பேக்கரி வைத்திருக்கிறார். அவர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஃபிளாஷ் அடித்ததில் தாய்ப்பறவை திரும்பவே இல்லை, குஞ்சுகள் மூன்றும் செத்தன. அதிலிருந்து கூகை இருக்கும் இடத்தை யார் கேட்டாலும் ஏரிக்கரை என்று சொல்வதாக நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம். உள்ளே ஒருவர்தான் போவது, செல்போனை அணைத்து வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவது என்பதும் எங்கள் வழக்கம். இதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இந்தக் குளிர்காலத்தில் பழைய மில்லின் பரணில் ஒரு கூகை தங்கியிருந்தது. சென்ற 14ஆம் தேதி காலை ஆறு மணிக்கு டிரைவர் தனியாகப் போனார். எங்கள் மலையூரில் அன்று வாசல் தொட்டித் தண்ணீர் உறைந்திருந்தது.

அதன் பிறகு 11.10க்கு அவர் தம்பி எங்கள் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்து, "அண்ணே, அண்ணன் பத்து மணி டூட்டிக்கு வரலைன்னு டிப்போவுல கேக்கறாங்க. ஆந்தை பாக்க எங்க போனாரு?" என்றார். இதற்கு முன்பும் வீட்டுச் சாவி, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று இரண்டு தடவை காரணம் சொல்லி இடத்தைக் கறக்கப் பார்த்தவர். எனக்கே காது குத்துகிறார் என்று நினைத்து, "ஏரிக்கரைக்குத்தான் போயிருப்பாரு" என்றேன். அதன் பிறகு இரண்டு ஜோடிக் கண்ணாடி முடித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மாலை ஐந்தரைக்கு டிரைவர் வீட்டைத் தாண்டும்போது வாசலில் கூட்டம் நின்றது. தம்பி முழங்கால் வரை சேற்றோடு இருந்தார். மதியத்திலிருந்து எட்டுப் பேர் ஏரியில் கம்பு விட்டுத் தேடியிருந்தார்கள். அப்போதுதான் மில்லைச் சொன்னேன். தம்பி என்னைத் திட்டவில்லை. "அங்கயா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு எல்லோரும் மில்லுக்குப் போனோம். பரண் ஏணியின் நடுப்படி முறிந்திருந்தது. டிரைவர் கீழே, இடது கால் மடங்கிக் கிடந்தார். உடம்பு விறைத்திருந்தது. கழுத்து மப்ளரைக் கழற்றிக் கேமராவைச் சுற்றி வைத்திருந்தார்.

அந்தக் கேமராவில் உள்ள கடைசிப் படத்தை இங்கே ஸ்டேஷனில் எனக்குக் காட்டினார்கள். தரையிலிருந்து எடுத்தது. உத்திரத்தில் கூகை தலையைச் சாய்த்துக் கீழே பார்க்கிறது. படத்தின் நேரம் மதியம் 1.15. கடையிலிருந்து மில்லுக்கு இருபது நிமிடம். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார்.

எனக்கும் இறந்தவருக்கும் எந்த விரோதமும் இல்லை.

நான் சொன்னபடியே எழுதப்பட்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. முதல் பக்கத்தில் சம்பவ இடம் எது என்று அதிகாரி கேட்டபோது பழக்கத்தில் ஏரிக்கரை என்று சொல்லிவிட்டேன். அதை அடித்துப் பழைய மில் என்று திருத்தியது நான் சொல்லித்தான். திருத்தத்தின் பக்கத்தில் உள்ள சுருக்கொப்பமும் கீழே உள்ள கையெழுத்தும் என்னுடையவை.

(ஒப்பம்)