நீலம் இறங்கிய தண்ணீர்

மீனுக்குத் தீனி போடுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் கூடத்தான் போடுவார்கள். பிரியம் கையில் நிற்காது. என் தம்பியும் அப்படித்தான். ஒரு சிட்டிகை போதும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அவன் அள்ளிப் போடுவான். தின்றது போக மிச்சம் அடியில் அழுகி, அவனுடைய கடல்மீன் தொட்டியின் உப்புத் தண்ணீரில் பாஸ்பேட் ஏறும். அப்புறம் கண்ணாடியெல்லாம் பாசி.

சிறுநீரகம் இரண்டும் பழுதாகி அவன் படுத்தபோது, அவனோடு சேர்த்துத் தொட்டியும் என் தலையில் விழுந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். தொட்டி எனக்குக் கஷ்டமாக இல்லை. சாய ஆலையில் நிறம் ஒப்பிடுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது, ஐயா. தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, மருந்துத் துளிகளை விட்டுக் குலுக்கி வைத்தால், பாஸ்பேட் இருக்கிற அளவுக்கு நீலம் ஏறும். மற்றவர்கள் நிற அட்டையோடு வைத்துப் பார்த்து முழிப்பார்கள். எனக்கு அட்டை வேண்டாம். தீனியைக் குறைத்தேன். தண்ணீர் மாற்றினேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் துகள்களைப் பையில் கட்டி வடிகட்டியில் போட்டேன். நீலம் இறங்கியது, பிறகு மறுபடி ஏறியது. வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் போய்ச் சொன்னால் அவர் சிரிக்கிறார்.

"தொட்டிக்குள்ள இருக்கற கல்லு இத்தனை வருஷமா பாஸ்பேட்டைக் குடிச்சு வச்சிருக்கும்மா. தண்ணி சுத்தமாக ஆக அது கக்கிக்கிட்டே இருக்கும். மெதுவா இறக்குங்க. ஒரேடியா இல்லாம பண்ணிடாதீங்க, பவளம் செத்துடும்."

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. குழாயில் நீலமே வராமல் போகிற வரைக்கும் விடவில்லை. தொட்டியிலிருந்த பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. தம்பியின் கட்டில் கூடத்தில் தொட்டிக்கு எதிரேதான் இருந்தது.

"அதுங்களுக்கும் கொஞ்சம் வேணும்க்கா. பட்டினி போட்டுட்டியே," என்றான்.

"தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு, அதைப் பாரு," என்றேன்.

அவன் ரத்தத்திலும் பாஸ்பரஸ் ஏறியிருந்தது. வெளியேற்றச் சிறுநீரகம் இல்லையே. மருத்துவர் பாலையும் கொட்டை வகைகளையும் நிறுத்தச் சொன்னார். "ஆனா முட்டை வெள்ளைக்கரு தினமும் குடுங்க. டயாலிசிஸ் பண்றப்ப சத்து போகுது. உடம்பு தேறினாத்தான் ஆபரேஷன்," என்றார்.

ஆபரேஷன் என்றால் மாற்றுச் சிறுநீரகம். பொருந்தியது என்னுடையது. அந்தச் செய்தி வந்த அன்று சித்தப்பா அவன் தோளைத் தட்டி, "அக்கா இருக்கறப்ப உனக்கென்னடா கவலை?" என்றார். வந்திருந்த சொந்தமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். சம்மதமா என்று மருத்துவமனையில் மட்டும் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். மாட்டேன் என்று சொன்ன அக்காவை நான் எங்கும் பார்த்ததில்லை. தலையாட்டினேன்.

தினமும் முட்டை அவித்தேன். வெள்ளைக்கருவைச் சமையலறையில் நின்றபடியே நானே தின்றேன். பண்டத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அவனுக்கு நீர்க்கக் கஞ்சி கொடுத்தேன். பசிக்கிறது என்றால், "பாஸ்பரஸ் இறங்கட்டும்டா," என்பேன். இறங்கவும் செய்தது. மருத்துவர் முதலில் பாராட்டினார். பிறகு எடையைப் பார்த்து முகம் சுளித்தார், ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். அடுத்த முறையும் தள்ளிவைத்தார்.

"ஒழுங்கா சாப்பிடறாரா?"

"கொண்டுபோய் வச்சா ஒதுக்கிடறான், டாக்டர்," என்றேன். தம்பி என் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று சொல்லவில்லை.

வண்டியில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டான். "பயமா இருக்காக்கா? இருந்தா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். டயாலிசிஸ்லயே காலத்தை ஓட்டிக்கறேன்."

"எனக்கென்னடா பயம்? நீ முதல்ல தேறு," என்றேன். மறுநாளிலிருந்து கஞ்சியையும் பாதியாக்கினேன். அதற்கப்புறம் அவன் எதுவும் கேட்கவில்லை. கடைசி நாட்களில் வாய் மட்டும் அசையும், சத்தம் வராது.

அவன் போன பிறகு நான் தொட்டியில் ஒரு துணுக்குத் தீனிகூடப் போட்டதில்லை. ஆனாலும் எடுத்த சோதனையிலெல்லாம் நீலம் முன்னைவிட அழுத்தமாக வந்தது. கல்தான் கக்குகிறது, தெரியும். மீன்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கூடத்தைக் கடந்தால் எல்லாம் கண்ணாடியோரம் வந்து நிற்கும். வாயைத் திறக்கும், மூடும். போர்வை போட்டு மூடினேன். மூடிய பிறகும் அவை அங்கேதான் நின்றன. எனக்குப் பயமாக இருந்தது, ஐயா.

கடைசியாக அவனை எடைபோட்ட நர்ஸ் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. பட்டினி போட்டுத்தான் கொன்றேன். தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தம்பிக்குக் கொடுக்க மனமில்லாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தரமாட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.