சந்தா நீக்கப்பட்ட சைரன்கள்

நான் யாரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியதில்லை. எங்கள் ஊர் முளங்கடவில் கேட்டுப் பாருங்கள். ஈப்பன் சார் முடியாது என்று யாரையும் அனுப்பமாட்டார் என்பார்கள்.

அணையின் எச்சரிக்கை ஏற்பாட்டை அமைத்தவன் நான்தான். மதகு திறந்தால் ஒரு செய்தி கிளம்பும். நடுவில் புரோக்கர் என்ற கணினி நிரல் அதை வாங்கி, அந்தச் செய்தி வேண்டும் என்று சந்தா பதிந்திருக்கும் ஏழு சைரன்களுக்கும் கொடுக்கும். கடைசியாக வந்த செய்தியைப் புரோக்கர் கையில் வைத்திருக்கும்படியும் அமைத்திருந்தேன். அதனால் கரண்ட் போய் வந்து ஒரு சைரன் மறுபடி இணைந்தால், போன வாரச் செய்தியைக் கேட்டு அது இன்றைக்கு ஊதும்.

ஆற்றங்கரை சாறாம்மா வந்தாள். அவள் கணவன் படுத்த படுக்கை.

"சாரே, அது ஊதுறப்பெல்லாம் அந்த மனுஷன் கட்டில்லயே நனைச்சுடறாரு. துணி அலசியே என் கை தேஞ்சுபோச்சு."

"அது பழைய செய்தி சேச்சி. பயப்பட ஒண்ணுமில்ல."

"அதை நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லுங்க. இல்லேன்னா அது வாயை அடைங்க."

பழைய செய்தியை வைத்திருக்க வேண்டாம் என்று மாற்றுவது ஒரு வரி வேலை. மாற்றினால் என் அமைப்பு தவறு என்றாகிவிடும். அதனால் அனுமதிப் பட்டியலிலிருந்து அவள் கரைச் சைரனின் பெயரை எடுத்தேன். இணைப்பு அறாது, திரையில் பச்சையாகவே தெரியும். செய்தி மட்டும் போகாது. மறுநாள் ஒரு தூக்கு நிறைய சக்கப் பிரதமன், பலாப்பழப் பாயசம், கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றார்கள். தேவாலயத்து அச்சன் குர்பானா பூசை கெடுகிறது என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் செய்தேன். ஆறு பெயர் போயிற்று. நிஜமாகத் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது அமைதி. அதைக் குற்றம் என்று உங்கள் விசாரணைத் தாளில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அந்த வியாழன் மதியம் மூன்று மதகையும் திறந்தார்கள். மேட்டில் என் வீட்டெதிரே இருந்த சைரன் மட்டும் ஊதியது. தண்ணீர் கரைக்கு வர நாற்பது நிமிடம். மேசையில் கணினி திறந்தேதான் இருந்தது. ஆறு பெயரைத் திரும்ப எழுத இரண்டு நிமிடம் போதும். எழுதினால் ஆறும் அப்போதே ஊதும், எடுத்தது நான் என்றும் தெரிந்துவிடும்.

செத்தது முப்பத்தொரு பேர் என்கிறீர்கள். சாறாம்மாவும் அதில் உண்டு, தெரியும். நான் சும்மா இருக்கவில்லை. அந்த நாற்பது நிமிடமும் முழங்காலில் நின்று, கரையில் இருந்தவர்களின் பெயரையெல்லாம் சொல்லி ஜெபித்தேன். ஒருவர் பெயரைக்கூட விட்டுவிடவில்லை.