பெயர் போடாத கேர்னல்

தலைமை ஏற்றிருக்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் வீரபாகு ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தயாபரன் அண்ணா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஜெயரூபினி அக்கா அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கும் உறவுகளே!

எல்லோருக்கும் வணக்கம். இந்த மேடையில் ஒருவருக்கு வணக்கம் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

என் பெயர் யதுர்ஷிகா. தண்ணீரூற்று ஊர்ப் பிள்ளை. பல்கலைக்கழகம் முடித்து ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து அமரர் அந்தோனிமுத்து துசியந்தன் அவர்களோடு வேலை செய்தேன். அவர் எனக்கு அண்ணா. தயாபரன் அவர்களும் எனக்கு அண்ணாதான். மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தோம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி நான் சொல்லப்போவது வெறும் கோபமாகத் தெரியும்.

வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். “பிள்ளை, குறை நினைக்காதை. துசி உண்மையிலை என்னதான் செய்தவன்? நாங்கள் போன் திருத்துறவன் எண்டுதான் நினைச்சம்.”

நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன்.

போர் முடிந்து, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கு உதவித் திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு திட்டமும் தன்னுடைய கைக்கணினியோடு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் திரை. ஒரு கறுப்பு உறை. வீடு வீடாக வந்து கேட்டார்கள். எத்தனை பேர்? எத்தனை கூரைத்தகடு? எத்தனை ஆடு? பதில்களை அதில் தட்டினார்கள். திட்டம் முடிந்தது. கேட்டவர்கள் போனார்கள். கைக்கணினிகள் சங்கக் கொட்டகையில், பழைய ஐஸ் பெட்டிகளுக்குள் கிடந்தன. அவற்றைச் செய்த கம்பனிகள்கூட அவற்றை மறந்துவிட்டன.

அந்தப் பெட்டிகளைத் திறந்தவர் துசி அண்ணா.

அவற்றில் லினக்ஸை ஓடவைக்க வேண்டும் என்றார். லினக்ஸ் என்பது யாரும் எடுத்து, திறந்து, தமக்கு வேண்டியபடி மாற்றக்கூடிய இயங்குதளம். அதன் அடியில் இருப்பது கேர்னல். கருவியோடு நேரே பேசுவது அதுதான். சிக்கல் என்னவென்றால், கைக்கணினிகளில் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு கேர்னல் வேண்டும். ஒன்றினுடையதை இன்னொன்றில் போட்டால் கறுப்புத் திரை. எங்கள் பெட்டிகளிலோ எல்லா நாட்டு வகையும் கலந்து கிடந்தன.

எனவே அவர் ஒன்றைச் செய்ய நினைத்தார். எந்தக் கைக்கணினியில் போட்டாலும் விழிக்கிற ஒரே கேர்னல். விழித்ததும், தான் எங்கே இருக்கிறேன் என்று அதுவே தேடும். திரை எது, நினைவகம் எங்கே என்று கண்டுபிடிக்கும். பிறகு அந்தக் கருவிக்குரிய லினக்ஸை எழுப்பி, பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

சொல்ல இலகு. செய்ய? கருவியிடம் ஒரு பிழையான கேள்வியைக் கேட்டால் போதும், அது உறைந்துவிடும். மின்கலத்தைக் கழற்றித்தான் மீட்க வேண்டும். ஆகவே எதை முதலில் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது என்பதுதான் எங்கள் வேலை முழுவதும். கேள்வி கேட்டு ஒருவரை உறையவைக்கலாம் என்பது இந்த மண்ணில் யாருக்குத் தெரியாது? துசி அண்ணா அந்தக் கேர்னலை மிகவும் மெதுவாகக் கேட்கப் பழக்கினார்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதியவர் சோதிக்கக் கூடாது. ஆகவே சோதிப்பது துசி அண்ணாவின் மனைவி ஜெயரூபினி அக்கா. குசினியில் ஒரு கண், கைக்கணினியில் ஒரு கண்.

“என்னப்பா, எழும்பிச்சுதோ?” என்று துசி அண்ணா மேசையிலிருந்து கத்துவார்.

“எழும்பி என்னை ஒருக்காப் பார்த்திட்டுத் திரும்பப் படுத்திட்டுது. உங்களை மாதிரியே செய்து வைச்சிருக்கிறியள்.”

தயாபரன் அண்ணா கதிரையில் இருந்து விழுந்து சிரிப்பார். நீங்கள் அப்படிச் சிரிப்பீர்கள், அண்ணா. எனக்கு நினைவிருக்கிறது.

ஒருநாள் பெட்டியில் இருந்த எல்லா வகையும் எழும்பின. எல்லாம்! அன்று மேசையில் வரிசையாக வைத்த சின்னத் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சமாவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவை கடலுக்குப் போயின. கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லாத தூரத்தில், வலை விட்ட இடத்தைக் குறித்து வைக்க. மூட்டத்தில் கரை எந்தப் பக்கம் என்று காட்ட. வீரபாகு ஐயா முதல்முறை கொண்டுபோய்த் திரும்பி வந்து சொன்னது: “சாமான் திறம். ஒரு குறைதான், தம்பி. இனி வழி பிழைச்சது எண்டு மனிசிக்குப் பொய் சொல்லேலாது.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அது நல்ல காலம்.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கேர்னலை உலகத்துக்குத் திறந்து வைக்க முடிவு செய்தோம். இணையத்தில் ஏற்றும்போது முதல் வரியில் செய்தவர்களின் பெயரையும், யார் எந்த விதிப்படி பயன்படுத்தலாம் என்பதையும் எழுதுவது உலக வழக்கம். தயாபரன் அண்ணாதான் சொன்னார்: “பேரைப் போடுவம் மச்சான். போடாட்டி நாளைக்கு ஆரும் வந்து தங்கட எண்டு சொல்லுவினம்.”

துசி அண்ணா மறுத்தார். “பேர் பதிஞ்சது போதும் மச்சான். செட்டிகுளம் முகாமிலை எத்தினை தரம் பதிஞ்சவங்கள். என்ர அண்ணன் தன்ர பேரைத் தானே சொல்லிப் பதிஞ்சிட்டுத்தான் அந்தப் பக்கம் போனவர், திரும்பி வரேல்லை. இப்ப பேர் மட்டும் இருக்கு.”

அதற்குப் பிறகு யார் மறுத்துச் சொல்வது? பெயர் இல்லாமல், விதி இல்லாமல் ஏற்றினோம். வேறு ஊரில் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். வேறு ஊரில் பெயர் என்பது வெறும் பெயர்.

பிறகு தயாபரன் அண்ணா கொழும்பில் ஒரு கம்பனியில் சேர்ந்தார். அதில் குற்றம் இல்லை. வேலை எல்லோருக்கும் வேண்டும். நாங்கள் பார்ட்டி வைத்துத்தான் அனுப்பினோம்.

இந்த வருடத் தொடக்கத்தில் திரும்பி வந்தார். சங்கக் கொட்டகையில் நின்று, “இது எங்கட சாமான்தான், புதுசு, நல்லா ஓடும்” என்றார். அவர் சொன்னால் போதாதா? எல்லோரும் தங்கள் கைக்கணினிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தன் கையாலேயே ஒவ்வொன்றிலும் போட்டார்.

உள்ளே இருந்தது எங்கள் கேர்னல். எங்கள் கேள்விகள், எங்கள் வரிசை. முதல் வரியில் கம்பனியின் பெயர். மேலே ஒரு பூட்டு. கம்பனியின் சாவியால் முத்திரை இடாத எதையும் அந்தக் கைக்கணினி இனி ஏற்காது. அவர்களுடைய மென்பொருளோ இணையம் உள்ள இடத்தில்தான் வேலை செய்யும். கரையில் ஓடும். கடலில் அனுமதி கேட்டு நிற்கும். யாரிடம் கேட்கும்? அங்கே யார் இருக்கிறார்கள்?

அந்த மாதமே மழை மூட்டத்தில் ஒரு படகு கரை பிடிபடாமல் சுற்றியது. ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் இப்போது பின்வரிசையில் இருக்கிறார்கள்.

தயாபரன் அண்ணா, பெயர் போடவில்லை என்பது உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏன் போடவில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு மனிதனின் காயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன், அந்த வழியாகவா வீட்டுக்குள் நுழைவது?

நான் துசி அண்ணாவிடமும் கோபித்தேன். மாதக்கணக்காக அவர் தயாபரன் அண்ணாவிடம் இதைக் கேட்கவில்லை. “எழுதுங்கோ, கேளுங்கோ, சண்டை பிடியுங்கோ” என்றேன். “என்னெண்டு கேக்கிறது? பேர் வேண்டாம் எண்டது நான்தானே. அவன் என்ர சிநேகிதன். தானா உணருவான்” என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவருடைய அஞ்சலிக் கூட்டத்தில் இதைச் சொல்லக் கூடாதுதான். சொல்கிறேன். அவரும் எங்களைத் தனியே விட்டார்.

கடைசியில் கேட்கப் புறப்பட்டார். கிளிநொச்சிக்கு வா, கதைப்போம் என்று தயாபரன் அண்ணா சொல்லியிருந்தார். துசி அண்ணா போய்க் காத்திருந்தார். ஜெயரூபினி அக்காவுக்கு அழைத்துச் சொன்னார்: “ஆளைக் காணேல்லை. போனும் எடுக்கிறான் இல்லை. நான் வாறன்.” திரும்பும்போது, பரந்தன் வீதியில், பொழுது படுகிற நேரம். மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே மாடு.

மாடு குறுக்கே வந்ததற்கு நீங்கள் பொறுப்பல்ல, அண்ணா. இதைச் சபையறியச் சொல்கிறேன். இனி யாரும் அப்படிப் பேச வேண்டாம்.

ஆனால் நீங்கள் ஏன் வரவில்லை?

இருங்கோ. எழும்பாதேங்கோ அண்ணா. இன்னும் கொஞ்சம்தான்.

அடுத்த நிகழ்ச்சி தயாபரன் அண்ணாவின் அறிவிப்பு. கம்பனி அந்தக் கேர்னலுக்குத் ‘துசி’ என்று பெயர் வைக்கப்போகிறது. அதற்கான நினைவுப் பலகையை ஜெயரூபினி அக்காவின் கையில் கொடுப்பார்கள். படம் எடுப்பார்கள். ஒருவருடைய நினைவாகப் பெயர் வைப்பது மரியாதை. ஆனால் பூட்டுக்கா? அவர் செய்தது திறக்கிற பொருள். அவருடைய பெயரை அடைக்கிற பொருளுக்கா வைப்பது?

பலகையை வாங்குவீர்களா என்று காலையில் அக்காவிடம் கேட்டேன். “நீ சொல்லிவிடு யது” என்றார். “நான் பலகை வாங்க வரேல்லை. என்ர மனிசன் என்ன கேக்கப் போனவர் எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

ஆகவே அவருடைய வேலையை இப்படித் தொடர்வோம் என்று உங்கள் முன்னால் சொல்கிறேன். பூட்டு ஏறாத சில கைக்கணினிகள் சோதனைப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. நாளை காலை அவை கடலுக்குப் போகும். பூட்டியவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கப் பார்ப்போம். திறக்கும்வரை பார்ப்போம். கேர்னலை மறுபடியும் உலகத்துக்கு ஏற்றுவோம். இந்த முறை பெயர்களோடு. பயம் போய்விட்டது என்பதால் அல்ல. பயத்தோடுதான் போடுகிறோம். துசியந்தன், ஜெயரூபினி, யதுர்ஷிகா. தயாபரன் அண்ணா, உங்கள் பெயரும் அதில் இருக்கும். நீங்கள் எழுதிய பகுதிகளை நீங்கள்தான் எழுதினீர்கள். அந்தப் பெயரை நாங்கள் அழிக்க மாட்டோம்.

இப்போது மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். அது கொஞ்சம் பொறுக்கட்டும். துசி அண்ணா கிளிநொச்சியில் காத்திருந்து, கேட்காமலே திரும்பிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை அவருக்காக நான் கேட்டுவிட்டு அமர்கிறேன்.

பூட்டின் சாவி உங்களிடம் இருக்கிறது, தயாபரன் அண்ணா. அதை இந்தச் சனத்துக்குத் தருவீர்களா?

ஒலிவாங்கி இதோ. நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.