மூன்றாவது தாள்

கோச் கின்கானனை எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை பயிற்சியாளர்களில் என் மனைவியின் பிறந்தநாளை நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அவர் ஒரே பருவத்தில் ஒன்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். டெக்சாஸ்காரர்கள் அவரைக் கொத்திக்கொண்டு போகப் பார்த்தார்கள். துணை இயக்குநர் என்ற முறையில் புது ஒப்பந்தத்தை எழுதியது நான். பத்து வருட வேலை. நடுவில் அனுப்பினால் மீதிச் சம்பளம் மொத்தமும் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அன்றைக்கு எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருடம் மூன்று வெற்றி, அதற்கடுத்த வருடம் இரண்டு. தட்டிக்கொடுத்த அதே ஆட்கள் மளிகைக்கடையில் என் தள்ளுவண்டியை மறித்து நின்றார்கள்.

"லைல், அந்த ஆளை எப்பய்யா அனுப்பப் போறீங்க? காகிதத்துல கட்டிப்போட்டது நீதானாமே."

அனுப்பப் பதினான்கு மில்லியன் டாலர் வேண்டும். அதற்குப் பெண்கள் நீச்சல் அணியை மூட வேண்டும். இருபத்தாறு பெண்கள். பெயர்ப்பட்டியல் என் மேசையில்தான் இருந்தது. அதிலிருந்த ஒவ்வொரு பெயரையும் வாசித்தேன். நான் ஈரமில்லாதவன் இல்லை.

ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு, மருத்துவர் தடுத்த வீரரைத் தெரிந்தே களத்தில் இறக்கினால் ஒரு காசு இல்லாமல் வெளியேற்றலாம் என்கிறது. சம்பிரதாயத்துக்குச் சேர்த்ததுதான். யாரும் அதைப் படிப்பதில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை டெவான்ட்ரே டொலிவர் தானாகவே மருத்துவரிடம் போனான். தற்காப்பு வரிசையில் ஆடுகிறவன், இருபது வயது, லூசியானாக்காரன். அவன் அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இரண்டு வாரமாக வெளிச்சத்தைப் பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றானாம். தலையில் முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி, இன்னொன்று பட்டால் உயிருக்கே ஆபத்து, ஆடக் கூடாது என்று டாக்டர் எஸ்கமியா எழுதி எனக்கு அனுப்பினார். தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"கோச்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க லைல். ஃபிசியோ காதுலயும் போட்டுடுங்க. மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன் டாக்டர்" என்றேன். மறக்கவும் இல்லை.

கோச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்ட நாளில் ஆட்டத் திட்டத்தைத் தவிர எந்த எழுத்தையும் படிக்க மாட்டார். படித்தால் தோல்வி என்று ஒரு நம்பிக்கை. உணவகத்தில் என்ன இருக்கிறது என்பதைக்கூட அவர் மனைவி டார்லாதான் வாசித்துச் சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு வரும் தாள்களில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு வரி சொல்வேன், அவர் போட்டுவிடுவார். எங்கள் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரியும், நான் கண்டுபிடித்த ரகசியம் இல்லை.

சனிக்கிழமை காலை நான்கு தாள்களோடு போனேன். பேருந்து வாடகை, விடுதி ரசீது, டாக்டரின் தாள், ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நன்றிக் கடிதம். அவர் பன்னைக் கிரேவியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாய்யா. என்ன, என் சீட்டைக் கிழிச்சுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல கோச். எப்பவும் வர்ற பேப்பர்தான்."

இரண்டு கையெழுத்துப் போட்டார். மூன்றாவது தாளில் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா?"

டொலிவர் ஆடக் கூடாது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"ஒண்ணும் இல்ல கோச்."

போட்டார். பக்கத்தில் நேரத்தை நானே குறித்தேன், ஒன்பது நாற்பது.

மைதானத்துக்குப் போகும் சுரங்கப் பாதையில் டொலிவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிறுத்தினான்.

"சார், டாக்டர் எழுதின பேப்பர் கோச்சுக்குப் போச்சா?"

"போச்சு. கையெழுத்தும் போட்டுட்டார்."

"என்னை ஆடச் சொல்றாரே."

"அவருக்குத் தெரியாததா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "அப்ப சரி. நான் என்னமோ பயந்துட்டேன் சார்" என்று சிரித்துவிட்டு ஓடினான். நான் அவனிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒன்று எட்டுக்கு முதல் மோதல். நேரத்தை நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்தேன். அதற்குப் பிறகு அவன் யார் மேலாவது போய் மோதும்போதெல்லாம் ஒரு கோடு. இடைவேளைக்குள் இருபத்தேழு கோடு. ஃபிசியோ எனக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். போன் என் சட்டைப் பையில் இருந்தது. நாங்கள் பத்துப் புள்ளி முன்னால் இருந்தோம். மளிகைக்கடையில் என்னை மறித்தவரே எழுந்து நின்று, "பழைய கின்கானன் திரும்பி வந்துட்டார்யா" என்று என் தோளைக் குலுக்கினார்.

ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் டொலிவர் ஒருவனைச் சாய்த்துவிட்டு எழுந்தான். எழுந்து, எதிரணி ஆட்களோடு போய் வரிசையில் நின்றான். கூட்டம் சிரித்தது. கோச்சும் சிரித்துக் கைதட்டி இந்தப் பக்கம் வரச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவன் வந்து தன் இடத்தில் நின்றான். பந்து கிளம்பியது. அவனை யாரும் தொடவில்லை. மண்டியிட்டான், பிறகு முகம் குப்புற விழுந்தான். மூன்று இருபத்தொன்று.

அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். திங்கட்கிழமை பதினான்காம் பிரிவின்படி கோச்சை வெளியேற்றினோம். தாளில் இருந்த தன் கையெழுத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கும் விதமாக ஒரு வார்த்தை பேசவில்லை, நான் சொல்ல மறந்திருப்பேன் என்றே நினைத்தாராம். நீச்சல் பெண்கள் இருபத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். டொலிவர் டல்சாவில் மருத்துவமனையில் இருக்கிறான். கண் திறந்திருக்கிறது, அம்மாவைத் தெரியவில்லை. அந்த அம்மாள் வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாப்பாடு வாங்கிக்கொண்டு போவேன். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற ஒரே மனிதர் நான்தான் என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒப்பந்தம் ஒன்று எட்டுக்கே முறிந்துவிட்டது. என் காரியம் அப்போதே முடிந்துவிட்டது. ஒரு போன் செய்து அவனை வெளியே எடுத்திருக்கலாம். அவன் விழுகிறவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏன் கோடு போட்டுக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள்.

இந்த ஊர் உங்களுக்குப் புரியவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும் கோச்சை வெறும் ஒரு தாளுக்காக யாரும் அனுப்ப மாட்டார்கள். நன்றாக ஆடி முடித்துப் பையன் வீட்டுக்குப் போயிருந்தால் அந்தத் தாளை நானே கிழித்துப் போட்டிருப்பேன். அவன் விழ வேண்டியிருந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் இவ்வளவு வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நான்கு பேர் பார்க்கக் கொஞ்சம் தள்ளாடியிருந்தாலே எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.