தொட்டால் எடுக்காத போன்

எல்லாம் சரியாக நினைவிருக்கிறது என்று சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை. அன்று காலை வெயில் வந்திருந்ததா என்பதுகூடச் சந்தேகம்தான். ஆனால் உங்கள் மாமியார் சுந்தரவல்லியின் போனில் அந்த வசதியை அணைத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான்.

அவள் விரல்கள் காய்ந்து தடித்தவை. திரை அவற்றை உணராது. கையுறையோடு தொட்டாலும் உணரும்படி போனில் ஒரு வசதி இருக்கிறதென்று, தீபாவளிக்கு வந்த உங்கள் மனைவி இந்துஜா அதைப் போட்டுவிட்டுப் போனாள். அதன்பின் தினமும் ஆபீஸ் போக மெட்ரோவில் ஏறியதும் அவள் கூப்பிடுவாள். குர்காவ்ன் வரும்வரை அம்மாவும் பெண்ணும் பேசுவார்கள். கரோல் பாக் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. நான் அந்த நேரத்தில்தான் வாசிப்பேன்.

அணைத்த மறுநாள் மணி அடித்து நின்றது. அவள் திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களை மாதிரியேதான் இதுவும். நான் தொட்டா திரும்பிப் பாக்கறதில்லே" என்றாள்.

டில்லிக் குளிரில் விரல் மரத்துப்போகும் என்றேன். அது பொய்யில்லை. என் போனைக் கேட்டாள். பெண்ணுக்கு ஆபீசில் நெருக்கடி, அவளே கூப்பிடுவாள் என்றேன்.

இந்துஜா என்னிடம் விசாரித்தாள்.

"மார்கழிடீ. அம்மா மடியா இருக்கா, போனைத் தொடமாட்டா."

"அச்சா. அப்ப தை பொறந்ததும் பேசிக்கறேம்ப்பா."

வீட்டில் நல்ல அமைதி வந்தது.

முதலில் சொன்ன அந்தக் காலையில் நான் உள்ளறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் விரல் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை, ஆகவே அவளே யாரையோ கூப்பிடப் பார்க்கிறாள் என்று புரிந்தது. தட்டல் வேகமானது, பிறகு விட்டுவிட்டு வந்தது. வாசிக்கும்போது என்னைக் கூப்பிடக் கூடாது என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குப் பழகிவிட்டது. ஒரே ஒரு தடவை "ஏன்னா" என்றாள், மெதுவாக. அத்தியாயம் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தபோது சத்தம் நின்றிருந்தது. அடுத்த அத்தியாயமும் சின்னதுதான்.

மாரடைப்பு என்றார் டாக்டர். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொன்னார். திரை முழுக்க விரல் தடங்கள் இருந்தன. துடைத்தேன்.

சுந்தரவல்லியை யமுனைக் கரையில் நிகம்போத் சுடுகாட்டில் எரித்தோம். அம்மா மார்கழியில், மடியாக இருந்தபோது போனாள், நல்ல சாவு என்று இந்துஜா எல்லோரிடமும் சொல்கிறாள். போனில் அந்த வசதி அணைந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்கிறீர்கள். நான் சௌக்கியமாக இருக்கிறேன். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை, அது ஒன்றுதான் குறை.