பங்கர் இருந்த இடத்தில் வாழை

ஓடுகிறோம். வடக்கில் "டும்" என்று ஒரு சத்தம். பலாலிப் படைமுகாம் பக்கம். பிறகு தலைக்கு மேலே சீலை கிழிகிற மாதிரி ஒரு நீளச் சத்தம். பிறகு வெடி. அடுக்களைக்குள் சட்டி பானை விழுந்து உடைகிறது.

ஐயா முன்னால் ஓடுகிறார். அவர் தோளில் தங்கச்சி வாசுகி. பின்னால் அம்மா, அம்மாவின் கையைப் பிடித்தபடி நான். கிணற்றைச் சுற்றுகிறோம். தேசி மரத்தைத் தாண்டுகிறோம். யாரும் வழி சொல்லவில்லை. குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தபோதெல்லாம் ஓடிப் பழகிய கால்கள். தாங்களாகவே பதுங்குகுழிக்கு, பங்கருக்குப் போகின்றன.

போய்ச் சேர்ந்தோம். பங்கர் இல்லை. அந்த இடத்தில் வாழை நிற்கிறது.

பங்கரை மூடியது ஐயாதான். இரண்டு மாதத்துக்கு முன்பு. எல்லோரும் அதை மறந்து ஓடி வந்திருக்கிறோம். அவரும் மறந்திருக்கிறார். ஐயா வாழையைப் பார்த்தபடி நின்றார். வாய் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுபடி "டும்".

"படுங்கோ! நிலத்திலை படுங்கோ!"

கத்தியது பக்கத்து வளவுத் துரை அண்ணை. நாங்கள் படுத்தோம்.

1987 ஐப்பசி. கோப்பாய். எனக்குப் பதின்மூன்று வயது. வாசுகிக்கு ஆறு.

ஐயா ஏன் பங்கரை மூடினார் என்று சொல்ல வேண்டும். அவர் விசரர் இல்லை. புகையிலைத் தோட்டக்காரர். காற்றைப் பார்த்தே மழை சொல்லக்கூடியவர். அந்த வருடம் ஆனி மாதம் வரை வானத்திலிருந்து எங்களுக்கு விழுந்தது கொழும்பு அரசின் குண்டுதான். ஆனியில் ஒருநாள் அயல்நாட்டு விமானங்கள் வந்தன. சாப்பாட்டுப் பொட்டலம் போட்டன. சனம் வீதிக்கு ஓடிவந்து கை தட்டியது. அம்மா அழுதுவிட்டார்.

கொழும்பு பயந்தது. இன்றைக்குச் சாப்பாடு போட்டவன் நாளைக்கு வேறெதையும் போடலாம் அல்லவா? பக்கத்தில் மலை போல ஒரு நாடு. இது சின்னத் தீவு. ஆடியில் இரண்டு நாட்டாரும் ஒரு உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். இன்னாருக்குத் துறைமுகம் கொடுக்கக் கூடாது, இன்னாருடைய படை இங்கே கால் வைக்கக் கூடாது என்றெல்லாம் பேசிக்கொண்டார்களாம். அதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அன்றைக்கு விளங்கியது ஒன்றுதான். பெரிய நாட்டின் படை வருகிறது. எங்களைக் காக்க வருகிறது. எங்கள் பெயரைச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படை வந்த அன்று எங்கள் ஒழுங்கை வீதியில் ஏறும் முகப்பில் மேசை போட்டோம். நிறைகுடம் வைத்தோம். குத்துவிளக்கு ஏற்றினோம். ஐயா ஒரு சிப்பாய்க்கு மாலை போட்டார். தலைப்பாகை கட்டிய பெரிய உருவம். குனிந்து வாங்கிக்கொண்டான். வாசுகியின் கன்னத்தைத் தட்டினான். அவள் அந்தக் கன்னத்தை இரண்டு நாள் கழுவவே விடவில்லை.

அடுத்த கிழமை ஐயா மண்வெட்டியை எடுத்தார். பங்கரின் மேல் அடுக்கியிருந்த பனங்குற்றிகளை இழுத்து மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டார். மண்மூட்டைகளைக் கிழித்துக் குழிக்குள் கொட்டினார். நாங்களும் கூடக் கொட்டினோம். பாட்டுப் பாடிக்கொண்டு கொட்டினோம். துரை அண்ணை வேலிக்கு அங்காலே நின்று பார்த்தார்.

"ஏன் அவசரப்படுறியள்? கிடக்கட்டுமே."

"துரை, அவங்கள் எங்கடை ஆக்கள். இனி ஆர் எங்களுக்கு அடிக்கப் போறான்?"

கிளறிய மண். நல்ல பசளை. ஐயா அதில் ஆறு கதலி வாழைக்குட்டி வைத்தார்.

ஐப்பசியில் அந்தப் படைக்கும் ஆயுதம் தூக்கிய எங்கள் பெடியளுக்கும் சண்டை மூண்டது. யார் முதலில் தொடங்கியது என்று பெரியவர்கள் இன்றைக்கும் வாதாடுவார்கள். வாதாடட்டும். பீரங்கிச் செல் வந்த திசை எனக்குத் தெரியும். அந்தப் படை இருந்த பலாலி.

நிலத்தில் கிடக்கிறோம். வாயெல்லாம் மண். துரை அண்ணை கத்துகிறார்.

"இஞ்சாலை வாங்கோ! பொட்டுக்குள்ளாலை வாங்கோ! கெதியா!"

அவர் தன் பங்கரை மூடவில்லை. வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குப் பொட்டு இருந்தது. அம்மா என்னை அதற்குள்ளால் தள்ளினார். பிறகு தானும் நுழைந்தார். நாங்கள் துரை அண்ணையின் பங்கர் வாசலில். ஐயா எழும்புகிறார். வாசுகியைத் தூக்குகிறார். அவள் கை அவர் கழுத்தில். வேலிக்கு நாலைந்து எட்டுத்தான்.

இந்த முறை "டும்" கேட்கவில்லை. சீலை கிழிகிற சத்தமும் இல்லை. வெளிச்சம் மட்டும். என் காது அடைத்துப்போனது. அம்மாவின் வாய் அசைகிறது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை.

நான் அதற்கு மேல் எழுதவில்லை. இரண்டு பேரும் வேலி ஓரம் கிடந்தார்கள். அவள் கை அவர் கழுத்தில்தான் இருந்தது.

சுடலைக்குக் கொண்டுபோக முடியாது. வீதியில் டாங்கி. எரித்தால் புகை தெரியும், புகையைப் பார்த்து மறுபடி அடிப்பார்கள். நாங்கள் எரிக்கிற சனம். புதைக்கிறதில்லை. ஆனால் புதைத்தோம். செம்மண் இறுகிக் கிடந்தது, மண்வெட்டி இறங்கவில்லை. வளவில் மண் இளகிக் கிடந்தது ஒரே ஒரு இடத்தில்தான். துரை அண்ணை ஒரு வாழையைப் பிடுங்கிவிட்டு அங்கேயே வெட்டினார். ஐயா மூடிய பங்கரை மறுபடி திறந்தது அப்படித்தான். தேவாரம் பாட ஆளில்லை. அம்மா முணுமுணுத்தார். எனக்கு அதுவும் கேட்கவில்லை.

படை அங்காலே போனதும் அம்மா தேசி மரத்தடியில் புதுப் பங்கர் வெட்டினார். அதற்குப் பிறகு எத்தனையோ வந்து போயிற்று. மறுபடி கொழும்பின் பொம்மர், இடப்பெயர்வு, திரும்பி வருதல். அம்மா இருக்கும் வரை அவர் அந்தக் குழியைத் துப்புரவாக வைத்திருந்தார். பிறகு நான்.

அண்மையில் தொலைக்காட்சியில் செய்தி. அதே இரண்டு நாடுகளும் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டனவாம். அதற்கு முன்பு தெற்குத் துறைமுகத்தில் இன்னொரு பெரிய நாட்டின் கப்பல் வந்து நின்றது. அயல்நாட்டுக்கு அது பிடிக்கவில்லை. சின்ன நாடு வேறென்ன செய்யும்? எவனுக்கு அதிகம் பயப்படுகிறதோ அவன் பக்கம் ஒதுங்கும். பேனை எடுக்கும். மேசையில் பூ வைத்திருந்தார்கள். பூவைக் கண்டதும் நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன்.

அடுத்த நாள் காலை வாசல் படலையில் ஒரு டிராக்டர். பெட்டி நிறைய மண். என் மகன்தான் சொல்லியிருக்கிறான். கார் விட இடம் வேண்டுமாம்.

"அம்மா, உந்தக் கிடங்கை மூடுவம். சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம். இனி ஆர் எங்களுக்கு அடிக்கப் போறான்?"

அதே சொல். அவன் தன் தாத்தாவைக் கண்டதே இல்லை. செல் விழுந்து செத்தவர் என்று மட்டும் தெரியும். வாழையடியில் விளக்கு வைப்பது தெரியும். பங்கரை மூடிய கதை தெரியாது. நான் சொன்னதில்லை. ஐயாவை யாரும் மடையன் என்று நினைத்துவிடக் கூடாது என்று சொல்லாமல் இருந்தேன். அன்றைக்குப் படலையில் நின்றபடி சொன்னேன். மகன் டிராக்டர்காரரைப் பார்த்தான்.

"திருப்பிக் கொண்டு போங்கோ அண்ணை."

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அடித்தவனிடம் மட்டும் இல்லை. நம்ப வைத்தவனிடம்தான் இன்னும் கூட. கொழும்பு குண்டு போட்டபோது எங்களிடம் பங்கர் இருந்தது. காக்க வந்தவன் அடித்தபோது அது இல்லை.

நாங்கள் இழந்தது இவ்வளவு. ஐயா, வயது நாற்பத்திரண்டு. வாசுகி, வயது ஆறு. கறவைப் பசு ஒன்று, அதன் கன்று. அடுக்களைக் கூரை. என் இடது காது. வாழை ஒன்று, அதுவும் நாங்களே பிடுங்கியது. மற்ற ஐந்தும் அடுத்த வருடம் குலை போட்டன. அம்மா ஒரு சீப்பும் வெட்டவில்லை.