விடுதி வாசலில் வெட்டிய கூந்தல்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் விடுதி நிர்வாகக் குழுவினரே, மடுல்சீமையிலிருந்தும் பூனாகலையிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் பெற்றோரே, நளீரா ஆசிரியையின் பிள்ளைகளே!

புகழ்ந்து பேசிப் பழகாதவள் நான். ஆனால் இந்த அஞ்சலிக் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் அவரை "அமைதியானவர்" என்றார்கள். அமைதியானவரா? எந்த நளீராவைச் சொல்கிறீர்கள்?

நம் விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளி விடுமுறை முடிந்து வரும் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளை மட்டும் வாசலில் நிறுத்தி, பேன் இருந்தால் கூந்தலை ஒட்ட வெட்டுவார்கள். பதுளை டவுன் பிள்ளைகள் நேரே உள்ளே போவார்கள். சில வாரங்களில் விடுதி முழுக்க மறுபடியும் பேன்! பழி மறுபடியும் லயத்துக்கு! மதுஷா என்ற பிள்ளை வெட்டிய தலையோடு மடுல்சீமைக்குப் போனாள்; திரும்பி வரவேயில்லை. பேனை ஒழித்தோமா, அவள் படிப்பை ஒழித்தோமா?

அடுத்த விடுமுறை முடிவில், டவுன் பிள்ளைகள் தலையையும் பார்க்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று நளீரா வாசலை மறித்து நின்றார்.

"டவுன் புள்ளைகளுக்கு ஏது டீச்சர் பேனு?" என்றார் மேட்ரன் ரெங்கம்மா.

"அப்ப மொதல்ல நீங்க உக்காருங்கக்கா."

ஈரத் தலையில் பேன்சீப்பு ஒருமுறை இறங்கியது. வெள்ளைத் துணியில் இரண்டு ஊர்ந்தன.

"ஐயோ, இது என்னுது இல்லைங்க டீச்சர்!"

"பின்ன, விருந்துக்கு வந்ததா?"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ரெங்கம்மாவும் சிரித்துவிட்டார்.

அன்று ஒரு தலையையும் விடாமல் பார்த்தார் நளீரா. பேன் இருந்த எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து. தப்பிய ஈர் பொரிந்துவிடும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஆளுக்கொரு சீப்பு. அதுவரை தலையில் தேய்த்த மண்ணெண்ணெய் போத்தல் அடுப்பெரிக்கக் குசினிக்குத் திரும்பியது. லயத்தில் இருந்த தங்கை தம்பிகளின் தலைகளையும் தேடிப் போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையின் கூந்தலும் வாசலில் விழவில்லை.

அவரை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தப் பள்ளித் தவணை முதல் வாசலில் முடிவெட்டு மீண்டும் தொடங்குமாம்! எல்லோரையும் பார்க்க நேரமில்லையாம்! இதே குழு அவர் பெயரில் மண்டபம் கட்டுமாம்! யாருக்கு வேண்டும் அந்த மண்டபம்?

அவர் செய்த வேலையை நாங்கள் செய்வோம். ஆசிரியைகள் சார்பில் இது உறுதி. நேரம் எங்களிடம் இருக்கிறது.

தலைவர் அவர்களே, அடுத்து மௌன அஞ்சலி என்று அறிவித்திருக்கிறீர்கள். இதோ மைக். அந்த முடிவைக் கைவிட்டோம் என்று இந்தத் தாய்மாருக்கு முதலில் சொல்லுங்கள். அதன் பிறகு மௌனமாக இருப்போம்.